வடசென்னையில் கால்பந்தும் கிரிக்கெட்டும்

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகள், தமிழ்நாட்டில் கால்பந்து வேரூன்றிய வட்டாரங்களுள் முக்கியமானவை. கிரிக்கெட்டே நாட்டின் முதன்மை விளையாட்டாக விளங்கும் காலத்திலும் இங்கு கால்பந்து விடாமல் ஆடப்பட்டு வருகிறது. வியாசர்பாடியைச் செய்தித்தாள்கள் 'குட்டி பிரேசில்' என்று குறிப்பிடுவது வழக்கம்.

இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு இணையாகக் கால்பந்து வளர முடியுமா என்ற கேள்வி பல காலமாகக் கேட்கப்படுகிறது. தொலைக்காட்சிப் பார்வையாளர், விளம்பர வருமானம், நட்சத்திர வீரர்கள் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் இதற்கு விடை சொல்லப்படுகிறது. வடசென்னையின் வரலாறு வேறு இரண்டு அளவுகோல்களை முன்வைக்கிறது. ஆடுவதற்குத் திடல் இருக்கிறதா, ஆடியவனுக்கு வேலை கிடைக்கிறதா என்பவையே அவை. இவை இரண்டும் இருந்தவரை இங்கு கால்பந்து கிரிக்கெட்டைக் கண்டு அஞ்சவில்லை. இவை குறையத் தொடங்கிய பிறகே அதன் நிலை தளர்ந்தது.

வட்டாரத்தின் அமைப்பு

கொருக்குப்பேட்டை இரயில் பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே வளர்ந்த பகுதி. கால்வாயின் தொடக்கப் பகுதி 19 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வெட்டப்பட்டபோது காக்ரேன் கால்வாய் என அழைக்கப்பட்டது. இன்றும் கொருக்குப்பேட்டையில் உள்ள காக்ரேன் பேசின் சாலை அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அருகில் உள்ள இராயபுரத்திலிருந்து 1856 ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து கூடூர் செல்லும் பாதையில் கொருக்குப்பேட்டை நிலையம் அமைந்துள்ளது. அதை ஒட்டிய சரக்கு நிலையமும், அடிக்கடி மூடப்படும் இரயில்வே கேட்டும் இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வின் பகுதிகள்.

கிழக்கே துறைமுகமும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் உள்ளன. மேற்கே பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918 இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டே உருவானது. வடக்கே திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், எண்ணூரில் அசோக் லேலண்டும் எழுந்தன. 1955 இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) தொடங்கப்பட்டது.

இவ்வாறு துறைமுகம், இரயில்வே, ஆலை ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தன. உலகின் பல பகுதிகளில் கால்பந்து பரவியது இத்தகைய இடங்களில்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் ஓர் இரயில்வே பட்டறைத் தொழிலாளர்களின் அணியாகத் தொடங்கியது. தென் அமெரிக்காவின் துறைமுக நகரங்களில் ஆங்கிலேய மாலுமிகளும் இரயில்வே பணியாளர்களும் அந்த ஆட்டத்தைக் கொண்டு சென்றனர். வடசென்னை இந்த உலகப் போக்குக்குப் புறம்பானதன்று.

இரு ஆட்டங்களின் வருகை

சென்னையில் கிரிக்கெட் மேல்தட்டு ஆட்டமாகவே காலூன்றியது. 1846 இல் ஐரோப்பியர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினர். இந்தியர்களுக்கு அங்கு சமமான இடம் கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாகப் புச்சிபாபு நாயுடு 1888 இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். பொங்கலை ஒட்டி ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய மாகாணப் போட்டி பின்னாளில் சென்னையின் பெரிய விளையாட்டு விழாவாக விளங்கியது. சேப்பாக்கத்தில் 1934 இல் முதல் டெஸ்ட் போட்டி நடந்தது. 1952 இல் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அதே திடலில்தான்.

கால்பந்து படைப்பிரிவுகள், இரயில்வே குடியிருப்புகள், கிறித்தவப் பள்ளிகள் வழியாகப் பரவியது. பெரம்பூர், இராயபுரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் விளையாட்டுகளில் ஆர்வம் காட்டின. வெள்ளுடை, மட்டை, காலுறைக் காப்பு, நாள் முழுவதும் ஓய்வு ஆகியவை கிரிக்கெட்டுக்கு வேண்டியிருந்தன. ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்குக் கால்பந்து பொருந்தியது. ஒரு பந்தும் ஒன்றரை மணி நேரமும் போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம்.

கல்கத்தாவில் 1911 ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆங்கிலேயரை அவர்களது ஆட்டத்திலேயே வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை அது நாடெங்கும் விதைத்தது. விடுதலைக்குப் பின்னும் கால்பந்தில் இந்தியாவின் நிலை உயர்ந்தே இருந்தது. 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் இடம்பெற்றார். அக்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி ஒரு டெஸ்டைத் தோற்காமல் முடித்தாலே பெருமையாகக் கருதப்பட்டது. இந்தியர்களின் இயல்பே கிரிக்கெட்டுக்கு உரியது என்ற கருத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

ஒரே அரங்கம், இரு ஆட்டங்கள்

சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில், வடசென்னையின் வாசலில் அமைந்துள்ள நேரு விளையாட்டரங்கம் இரு ஆட்டங்களின் வரலாற்றையும் சுமந்து நிற்கிறது. முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என அழைக்கப்பட்ட இங்கு 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்குதான். அந்த உலக சாதனை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பின்னர் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின.

1993 இல் புதுப்பிக்கப்பட்ட அரங்கில் நேரு தங்கக் கோப்பைக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. 1995 இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 2014 முதல் இந்தியன் சூப்பர் லீகில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுவே சொந்தத் திடல். வடசென்னை இளைஞர்கள் பேருந்திலோ மின்சார இரயிலிலோ எளிதில் வந்து சேரக்கூடிய இடத்தில் பெரிய கால்பந்து அரங்கம் இருப்பது இவ்வட்டாரத்துக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

வேலை தந்த ஆட்டம்

சென்னையின் கால்பந்து லீக் நீண்ட காலம் நிறுவன அணிகளால் நிரம்பியிருந்தது. தெற்கு இரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், வங்கிகள், மத்திய அரசு அலுவலகங்கள் ஆகியவை அணிகளை வைத்திருந்தன. திறமையான இளைஞன் ஒருவன் லீகில் நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வேலை கிடைக்கும். மாதச் சம்பளம், மருத்துவ வசதி, குடியிருப்பு, ஓய்வூதியம் எனக் குடும்பத்தின் நிலையே மாறிவிடும்.

தினக்கூலிக்கு மூட்டை தூக்கும் தகப்பனும் வீட்டு வேலைக்குச் செல்லும் தாயும் உள்ள வீட்டில், பிள்ளை பந்து உதைப்பதைப் பெற்றோர் பொறுத்துக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம். பட்டப்படிப்பு எட்டாத இடத்தில் பந்து எட்டியது. தெருவில் ஒருவர் இரயில்வேயில் சேர்ந்தால் அடுத்த பத்துப் பையன்கள் திடலுக்கு வருவார்கள். அவர் மாலையில் வந்து அவர்களுக்குப் பயிற்சி தருவார். வீரர், பணியாளர், பயிற்சியாளர் என்ற இந்தச் சுழற்சியே வடசென்னைக் கால்பந்தின் உயிர்நாடி.

இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீகிலும் ஆடியது. அந்த வங்கி அணிக்காக ஆடிய சையத் சபீர் பாஷா இந்திய அணியில் இடம்பெற்று, பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யின் துணைப் பயிற்சியாளர் ஆனார். கால்பந்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள விரும்பிய தமிழ்நாட்டு வீரர்கள் வெளியே செல்ல வேண்டியிருந்தது. இராமன் விஜயன், குலோத்துங்கன் போன்றோர் கொல்கத்தா, கேரள அணிகளில் ஆடியே புகழ்பெற்றனர்.

1990களுக்குப் பின் நிலைமை மாறியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் மூடப்பட்டன. துறைமுகத்தில் கன்டெய்னர்களும் இயந்திரங்களும் வந்தபின் ஆட்களின் தேவை குறைந்தது. வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வழி ஆளெடுப்பைச் சுருக்கின. லீகில் ஆடுவதற்கும் வேலை பெறுவதற்கும் இடையே இருந்த நேர்ப்பாதை குறுகியது.

1983க்குப் பிந்தைய மாற்றம்

1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் திடலில் கபில்தேவ் தலைமையிலான அணி உலகக் கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்திருந்தது. வெற்றியும் திரையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒவ்வோர் ஓவருக்குப் பின்னும் கிடைக்கும் இடைவெளி விளம்பரத்துக்கு ஏற்றதாக அமைந்தது. நாற்பத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடும் கால்பந்தில் அந்த வசதி இல்லை.

வடசென்னைக்கும் இந்த மாற்றத்தில் ஒரு பங்கு உண்டு. 1946 இல் திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகையில் பலூன் தயாரிப்பில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் டயர் தொழிலில் நாட்டின் முன்னணி நிறுவனமானது. அது 1987 இல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான பயிற்சி மையத்தைச் சென்னையில் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைப் பயிற்சியாளராக அமர்த்தியது. சச்சின் டெண்டுல்கர், விராட் கோலி ஆகியோரின் மட்டைகளில் அந்நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது. ரப்பர் பொருள் செய்யும் தொழிற்சாலையின் பெயர் உலகெங்கும் சென்றது பந்தின் மீதன்று, மட்டையின் மீது. தொழில் நிறுவனங்கள் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் இல்லை.

பண அளவில் உள்ள இடைவெளி மிகப் பெரியது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 இல் தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வழங்கியது. இரண்டும் ஒரே வகை ஒப்பந்தங்கள் அல்ல, காலமும் வேறு. ஆயினும் சந்தை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவை விளக்குகின்றன.

தெருக்களில் கிரிக்கெட்

கால்பந்துக்கு ஒரு பந்து போதும், ஆகவே ஏழைகளின் ஆட்டம் அதுவே என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. கொருக்குப்பேட்டைத் தெருக்கள் இந்தக் கருத்தை முழுவதும் ஏற்பதில்லை. வீடுகள் நெருங்கி, வாசலில் குடங்களும் இரு சக்கர வாகனங்களும் நிற்கும் சந்தில் கால்பந்து ஆட இடம் கிடையாது. அதே சந்தில் கிரிக்கெட் ஆடலாம். சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டால் ஸ்டம்ப் தயார். ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு பலகையும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஒருமுறை தரையில் பட்டெழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட், வீட்டுக்குள் அடித்தால் அவுட் என விதிகளும் இடத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும்.

இடம் குறையக் குறையக் கிரிக்கெட் தன்னைச் சுருக்கிக்கொண்டது. கால்பந்தும் ஐவர், எழுவர் ஆட்டங்களாகச் சுருங்கக்கூடியதே. ஆனாலும் ஓடுவதற்குக் குறைந்தபட்ச வெளி அதற்குத் தேவை. எனவே காலி மனைகள் கட்டடங்களாகவும் சரக்குக் கிடங்குகளாகவும் மாறியபோது கூடுதலாகப் பாதிக்கப்பட்டது கால்பந்துதான்.

திரைப்படங்களும் இந்த இருநிலையைப் பதிவு செய்துள்ளன. 2007 இல் வெளிவந்த 'சென்னை 600028' படத்தில் தெருக் கிரிக்கெட் அணிகளுள் ஒன்று இராயபுரத்தைச் சேர்ந்தது. வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட 'மெட்ராஸ்' (2014) படத்தின் நாயகன் கால்பந்து ஆடுபவன். 'பிகில்' (2019) வடசென்னைப் பின்னணியில் பெண்கள் கால்பந்தைப் பேசியது.

வியாசர்பாடி

கொருக்குப்பேட்டைக்கு மேற்கே உள்ள வியாசர்பாடியில் கால்பந்து இன்றும் தெருவின் முதன்மை ஆட்டமாக இருப்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. முல்லை நகர்த் திடல் அப்பகுதி மக்களுக்குத் தொடர்ந்து கிடைத்து வந்தது. உள்ளூரில் கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள் 2000 ஆம் ஆண்டில், குடிசைப் பகுதிக் குழந்தைகளின் விளையாட்டுத் திறனையும் கல்வியையும் வளர்ப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினர். பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பயிற்சிக்கான நிபந்தனையாக வைத்தனர். படிப்பை நிறுத்திய பிள்ளைகள் பந்துக்காகவே பள்ளிக்குத் திரும்பினர்.

இந்த வட்டாரத்தில் வளர்ந்த தனபால் கணேஷ், சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்கள வீரராக ஆடி, இந்திய அணியிலும் இடம்பெற்றார். தங்கள் தெருவில் பார்த்த முகம் நேரு அரங்கில் ஓடுவதைக் கண்ட பிள்ளைகளுக்கு அது தந்த ஊக்கத்தைத் தொலைக்காட்சியில் தெரியும் ஐரோப்பிய நட்சத்திரங்களால் தந்துவிட முடியாது.

இரு ஆட்டங்களையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை என்பதற்கும் வடசென்னையிலேயே சான்று உள்ளது. தெருவோரக் குழந்தைகளின் நலனுக்காக இங்கு இயங்கும் கருணாலயா அமைப்பின் சிறுமிகள் 2018 இல் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பைக் கால்பந்தில் பங்கேற்றனர். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த தெருவோரக் குழந்தைகள் கிரிக்கெட் உலகக் கோப்பையில், அந்த அமைப்பின் பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி கோப்பையை வென்றது.

பெண்கள் கால்பந்து

தமிழ்நாட்டின் கால்பந்து வளர்ச்சியில் பெண்களின் பங்கு ஆண்களின் சாதனையை விஞ்சியது. சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி 2012 இல் இறுதிப்போட்டி வரை சென்று சர்வீசஸ் அணியிடம் தோற்றது. பெண்கள் அணியோ தேசிய சாம்பியன் பட்டத்தை 2018 இல் மணிப்பூரை வென்றும், 2023 இல் அரியானாவை வென்றும் இருமுறை பெற்றது. மணிப்பூரின் நீண்டகால ஆதிக்கத்தை உடைத்த 2018 வெற்றி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மதுரையின் சேது எஃப்.சி. 2019 இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது.

கடலூரைச் சேர்ந்த இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றுபவர். விளையாட்டு வேலைக்கு வழிகாட்டும்போது பெண் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பப் பெற்றோர் முன்வருகின்றனர் என்பதற்கு இத்தகைய எடுத்துக்காட்டுகள் உதவுகின்றன. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வழங்குவதும் இவ்வகையில் பயனுள்ளது.

மறுபக்கமும் உண்டு. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கல்லூரி மாணவியான கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் காயத்துக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தது மாநிலத்தையே உலுக்கியது. பெரிய கிரிக்கெட் அணிகளில் ஒவ்வொரு வீரருக்கும் உடலியக்க மருத்துவரும் காயத்துக்கான உயர்தரச் சிகிச்சையும் உண்டு. குடிசைப் பகுதியிலிருந்து வரும் கால்பந்து வீராங்கனைக்கு ஒரு முழங்கால் காயமே வாழ்க்கைக் கேள்வியாகிவிடுகிறது.

கோப்பைகளும் கூட்டமும்

2018 ஆம் ஆண்டு சென்னைக்கு இரு கோப்பைகள் வந்தன. மார்ச் 17 அன்று சென்னையின் எஃப்.சி. பெங்களூருவை அதன் சொந்தத் திடலில் 3-2 என வென்று, 2015 க்குப் பின் இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீகை வென்றது. மே மாதம் சென்னை சூப்பர் கிங்ஸ் மூன்றாம் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. இரண்டாவது வெற்றியைத் தமிழகமே கொண்டாடியது; முதல் வெற்றி விளையாட்டுப் பக்கத்தோடு நின்றது. கிரிக்கெட் அணியின் தலைவர் மகேந்திர சிங் தோனி, கால்பந்து அணியின் இணை உரிமையாளர்களுள் ஒருவர் என்பதும் இந்த வேறுபாட்டை மாற்றவில்லை. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ லீக் பட்டத்தை வென்றது. 2020-21 பருவத்துக்குப் பின் அந்த அணி தேசிய லீகில் ஆடவில்லை.

வெற்றி மட்டும் கூட்டத்தைச் சேர்ப்பதில்லை என்பதற்கு அதே 2018 இல் மும்பையிலும் சான்று கிடைத்தது. ஜூன் 1 அன்று இந்தியா சீன தைபேயை 5-0 என வென்ற ஆட்டத்தை அரங்கில் பார்த்தவர்கள் 2,569 பேர் மட்டுமே. அணித்தலைவர் சுனில் சேத்ரி காணொளி மூலம் இரசிகர்களை வேண்டிக்கொண்ட பின், கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. இதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை மொத்தம் 13,47,133 பேர் நேரில் கண்டனர்; அது அத்தொடரின் சாதனை. ஆகவே நாட்டில் கால்பந்து இரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை உள்நாட்டு அணிகளோடு பிணைக்கும் தொடர்ச்சிதான் இல்லை.

கேரளத்தில் 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸி, நெய்மார் ஆகியோரின் பெரிய உருவங்கள் நிறுத்தப்பட்டன. வங்கதேசத்தின் அனுபவம் மற்றொரு பாடம் தருகிறது. அங்கு டாக்காவின் ஆபஹானி, முகமதன் கால்பந்து அணிகளே ஒரு காலத்தில் மக்களைப் பிரித்து ஆண்டன. 1997 இல் ஐ.சி.சி. கோப்பையை வென்று, 2000 இல் டெஸ்ட் தகுதி பெற்ற பின் ஒரு தலைமுறைக்குள் கிரிக்கெட் முந்திக்கொண்டது. ஒரு நாட்டின் விளையாட்டு விருப்பம் நிலையானதன்று, அது மாறக்கூடியது என்பதை இது உணர்த்துகிறது. கால்பந்தின் பக்கமும் அது மாறலாம். ஆனால் அதற்கும் வெற்றியோடு அமைப்பு பலம் வேண்டும்.

திடலுக்கான போராட்டம்

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் விரிக்கப்பட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் எனத் தெரிவிக்கப்பட்டது. பதினான்கு பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,680 ரூபாய் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கு வரும் ஒரு பிள்ளை மாதத்துக்கு 2,400 ரூபாய் கட்ட வேண்டும். தினக்கூலிக் குடும்பங்களுக்கு இது எட்டாத தொகை. வீரர்களும் பெற்றோர்களும் அரசியல் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து அத்தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது.

சில நாள்களில் முடிந்துபோன செய்தியாக இது தோன்றலாம். வடசென்னைக் கால்பந்தின் வரலாற்றில் இதன் முக்கியத்துவம் பெரிது. சந்துக்குள் ஆடிக்கொள்ளும் கிரிக்கெட்டுக்குத் திடல் மூடப்படுவதால் உடனடிப் பாதிப்பு இல்லை. கால்பந்துக்கு அந்தத் திடல் ஒன்றே போக்கிடம். இலவசத் திடல் இல்லாமற்போனால் வியாசர்பாடியும் கொருக்குப்பேட்டையும் ஆட்டத்தை விட்டு விலகும். பணம் கட்டக்கூடியவர்களின் பொழுதுபோக்காகக் கால்பந்து எஞ்சும்.

2025 இல் மேல்மட்டத்திலும் நெருக்கடி தோன்றியது. 2010 இல் கையெழுத்தான வணிக உரிமை ஒப்பந்தம் முடிவடையும் நிலையில் புதிய ஒப்பந்தம் ஏற்படாததால், அவ்வாண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீகின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில அணிகள் சம்பளம் வழங்குவதை நிறுத்தின, சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. நிறுவன அணிகளில் வேலை குறைந்தபின், அதற்கு மாற்றாக வந்த தொழில்முறை லீகும் நிலையானதன்று என்பதை இளம் வீரர்கள் கண்டனர். இரயில்வேயில் சேர்ந்த பழைய வீரருக்குக் கோல் அடிக்காத மாதத்திலும் சம்பளம் வந்தது. தொழில்முறை வீரருக்கு லீகே நின்றுபோனால் அடுத்த மாதம் என்ன என்பது தெரியாது.

மதிப்பீடு

திரையிலும் சந்தையிலும் கிரிக்கெட்டுக்கு இணையாகக் கால்பந்து அண்மைக் காலத்தில் வளரும் என எதிர்பார்க்க முடியாது. இந்திய ஆண்கள் அணி 1996 பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் 94 ஆம் இடத்தைப் பெற்றதே இதுவரையிலான உச்சம். உலகக் கோப்பையில் அந்த அணி இன்னும் ஆடியதில்லை. உலகின் முதல் வரிசையில் நிற்கும் கிரிக்கெட் அணியை விட்டுவிட்டு மக்கள் பெருமளவில் கால்பந்துக்கு மாறுவதற்குக் காரணம் இல்லை.

ஆனால் ஆடுவோரின் எண்ணிக்கையையும் ஆட்டத்தால் வாழ்வு மாறியோரின் எண்ணிக்கையையும் அளவாகக் கொண்டால் வடசென்னையில் கால்பந்து ஒருபோதும் தோற்ற ஆட்டமாக இருந்ததில்லை. கிரிக்கெட்டில் உச்சிக்குச் செல்பவர் மிகச் சிலர். அவர்களின் வருமானம் கோடிகளில் இருக்கும். வடசென்னைக் கால்பந்து கோடீசுவரர்களை உருவாக்கவில்லை. அது இரயில்வே ஊழியர்களையும் காவலர்களையும் வங்கிப் பணியாளர்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் உருவாக்கியது. ஒரு தெருவின் பார்வையில் இவர்களே பெரிய வெற்றி.

இந்த நிலை தொடர்வதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. மாநகராட்சித் திடல்கள் கட்டணமின்றித் திறந்திருப்பதும், அரசும் பொதுத்துறையும் கால்பந்து வழி ஆளெடுப்பைத் தொடர்வதும், காயமடைந்த வீரர்களுக்கு உரிய சிகிச்சை கிடைப்பதும், பள்ளிகளில் உடற்கல்வி வகுப்புகள் பிற பாடங்களுக்குக் கடன் கொடுக்கப்படாமல் நடப்பதும் அடிப்படைத் தேவைகள். இவற்றுள் முதலாவதற்கு 2024 இல் வந்த ஆபத்து மக்களின் எதிர்ப்பால் விலகியது. மற்றவை இன்னும் உறுதி செய்யப்படவில்லை. முல்லை நகர்த் திடலில் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் அடுத்த தலைமுறை அங்கே இருக்குமா என்பது இவற்றைப் பொறுத்தே அமையும்.